களைக்கொத்தும் ஹோமியும்

"உன் ஊரில் வயல் இருக்கிறதா?"

பூஜாங் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். ஒரகடத்தில் ஒரு கொரிய உதிரிபாகக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, பதவிதான் பெயர். குவாஜாங் என்றால் மேலாளர், பூஜாங் என்றால் துறைத் தலைவர், சாஜாங் என்றால் முதலாளி. கொரிய மொழியில் நான் கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பூஜாங்கின் அம்மா கொரியாவிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எழுபத்துநான்கு வயது. நமக்குத் தை மாதம் என்றால் அங்கே மண் உறைந்து கல்லாகிக் கிடக்கும். அந்தக் குளிருக்குத் தப்பி மகன் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். மகன் இருப்பதோ பதினோராவது மாடி. மாமல்லபுரம் காட்டினார்கள், கடற்கரை காட்டினார்கள், மால் காட்டினார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒருநாள் இரவு மகனிடம் கேட்டாராம்: "இந்த ஊரில் அரிசி எங்கே விளைகிறது?"

அந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து நின்றது.

எங்கள் ஊர் களமருதூர். உளுந்தூர்பேட்டைப் பக்கம். வயலும் இருக்கிறது, அதில் இன்னமும் இறங்கி வேலை செய்கிற அம்மாவும் இருக்கிறார். ஆனாலும் உடனே சரி சொல்ல வாய் வரவில்லை. பொங்கலுக்குக்கூட நான் ஊருக்குப் போகவில்லை. இரண்டு நாள் லீவில் போய் வருவது வீண் அலைச்சல் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். ஓட்டு வீடு, நாற்காலி இரண்டே இரண்டு, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். இந்த லட்சணத்தில் கம்பெனித் துறைத் தலைவரையும் குடும்பத்தையும் எப்படிக் கூட்டிப்போவது?

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அவங்க இன்னாடா சாப்புடுவாங்க?"

"சோறுதாம்மா."

"அப்புறம் இன்னா? நம்மளும் சோறுதான். இட்டாந்து வுடு."

*

தை மாதக் கடைசி ஞாயிறு. காலை நாலரைக்கு வண்டி கிளம்பியது. முன்னால் டிரைவரும் நானும், நடுவில் பாட்டியும் பூஜாங்கின் மனைவியும், பின்னால் பூஜாங்கும் ஒன்பது வயது மகளும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தபோது இன்னும் இருட்டு.

இந்தச் சாலையில் கொரியாக்காரர் போவது இன்று யாருக்கும் வேடிக்கை இல்லை. ஹூண்டாய் இங்கே 1996இல் கம்பெனியைப் பதிவு செய்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே கண்ணாடிக்காரர், இருக்கைக்காரர், பிரேக்குக்காரர் என்று உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. சாம்சங் 2007இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. இப்போது அந்தப் பக்கம் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் உண்டு, மளிகைக் கடைகள் உண்டு. ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தும் அவர்கள் நம் ஊருக்குள் வந்ததில்லை, நாம் அழைத்ததும் இல்லை. தொழிற்சாலைக்கும் அடுக்குமாடிக்கும் நடுவே ஓடுகிற வேனுக்குள் முடிந்துவிடுகிறது அந்த உறவு.

விழுப்புரம் தாண்டியதும் வெளுத்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு, தோகை ரோட்டைப் பெருக்க ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதுவரை வாய் திறக்காத பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். சோளத்தட்டையா என்கிறாராம். கரும்பு, சர்க்கரை என்றதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். குளிர்காற்றில் சாணமும் புகையும் அறுத்த தாளும் கலந்து ஒரு வாசனை வந்தது. மூக்கை வெளியே நீட்டி இழுத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். "சிகோல்." பேத்தி பின்னாலிருந்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: நாட்டுப்புறம்.

உளுந்தூர்பேட்டையில் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கினோம். 2019 நவம்பர் வரை இது விழுப்புரம் மாவட்டம். அந்த மாதம் 26ஆம் தேதி கள்ளக்குறிச்சி 34ஆவது மாவட்டமாகத் தனியே பிரிந்தது. கிழக்கே தரை, மேற்கே கல்வராயன் மலை, வடக்கே திருக்கோவிலூரில் தென்பெண்ணை. சுந்தரர் பிறந்த திருநாவலூர் பக்கத்தில்தான். எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் எந்தப் புராணத்திலும் தேட வேண்டாம். களமும் மருதமரமும் இருந்த ஊர் என்று நானே பொருள் வைத்துக்கொண்டேன். மருதமரம் ஒன்றும் இப்போது இல்லை. களம் மட்டும் இருக்கிறது, சிமென்ட் பூசிக்கொண்டு.

*

தெருவே வாசலில் நின்றது. "சப்பான்காரங்களா?" என்று ஒரு குரல். "சைனா" என்று இன்னொன்று. அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் அக்கா மகள் வந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு உளுந்தூர்பேட்டையில் கல்லூரிக்குப் போகிறவள். பாட்டியின் முன்னால் நின்று, இடுப்பை மடக்கிக் குனிந்து, "அன்னியோங் ஹசேயோ, ஹல்மொனி" என்றாள்.

பாட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு அதைவிட அதிர்ச்சி. எங்கே படித்தாய் என்றால், "போன்ல மாமா. நாலு வருசமா கொரியா நாடகம் பார்க்கிறேனே" என்கிறாள். எழுத்துக்கூட வாசிப்பாளாம். "ரொம்பக் கஷ்டமில்ல மாமா. நம்ம 'ங்க' மாதிரி அவங்களுக்குக் கடைசியில 'யோ'. யோ போட்டா மரியாதை, போடலன்னா சின்னப் பசங்க பேச்சு." பன்னிரண்டு வருடம் சம்பளம் வாங்கி நான் கற்காததை, மாதாந்திர ரீசார்ஜில் இவள் கற்றிருக்கிறாள். நாடகத்தில் கற்ற பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. 'என்னை ஏன் இப்படிச் செய்தாய்', 'இந்தக் கல்யாணம் நடக்காது' என்கிற வகை வாக்கியங்கள் சரளமாக வரும், 'சாணி', 'வரப்பு' எல்லாம் வராது. பாட்டி தெற்கு ஜொல்லா என்கிற நெல் விளையும் மாகாணத்துக்காரர், பேச்சில் அந்த வட்டார இழுப்பு வேறு. பாதி புரிகிறது என்றாள். எனக்குப் புரிந்த சைபரோடு ஒப்பிட்டால் அது பெரிய பாதி.

அம்மா வெளியே வந்தார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க அக்கா" என்றார், வேறு எப்படிக் கூப்பிடுவது என்கிற யோசனையே இல்லாமல். பாட்டி சிரித்தார். அந்த 'வா' அவருக்கும் தெரிந்த சொல். கொரிய மொழியில் 'இரி வா' என்றால் இங்கே வா. அப்பாவுக்கு 'அப்பா', நாளுக்கு 'நால்', புல்லுக்கு 'புல்'. இப்படிச் சொற்களைக் கோத்துக்கொண்டே போய் இரு மொழியும் ஒரே வேர் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை, தற்செயல் என்றே சொல்கிறார்கள். தற்செயலாகவே இருக்கட்டும். வாசலில் நிற்கிற இரண்டு கிழவிகளுக்கு ஒரு 'வா' போதுமாக இருந்தது.

திண்ணையில் கம்பங்கூழ். கரைத்த மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். பூஜாங்கின் மனைவி மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். பேத்தி முகத்தைச் சுளித்தாள். பாட்டி சொம்பைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மோர்மிளகாயைக் கடித்து, ஒரு முழுத் தும்மல் போட்டார். தெருவே சிரித்தது. அதோடு அவர் ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

*

எங்களுக்கு அறுபது சென்ட் கொல்லை, கிணற்றுப் பாசனம். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை. நாற்பது நாள் பயிர், இரண்டாம் களை. அம்மாவோடு நான்கு பெண்கள் இறங்கியிருந்தார்கள். மல்லாட்டைக்கு இந்தக் களை முக்கியமானது. பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம். களையும் போக வேண்டும், மண்ணும் பொலபொலப்பாகிச் செடியைச் சுற்றி அணைய வேண்டும். இதற்குப் பிறகு செடியைத் தொடக்கூடாது. தொட்டால் விழுது அறுந்துவிடும், காய் இல்லை.

பாட்டி வரப்பில் செருப்பைக் கழற்றினார். பூஜாங் பதறி, ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். பாட்டி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு பாதத்தையும் மண்ணில் ஊன்றிக் குந்தினார். குதிகால் தரையில் பதிய, முட்டி இரண்டும் தோளுக்கு வர, அப்படியே. சென்னையில் வளர்ந்த என் பிள்ளைகளுக்கு அந்தக் குந்தல் வராது. பக்கத்தில் இருந்த பெண்ணின் களைக்கொத்துக்குக் கை நீட்டினார்.

முதலில் அதை எடை பார்த்தார். திருப்பினார். கட்டைவிரலால் அலகின் ஓரத்தைத் தடவினார். பிறகு ஒரு கோரையின் பக்கத்தில் சாய்வாக இறக்கி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். கோரை கிழங்கோடு வந்தது. மேலே பிய்த்தால் கோரை மறுவாரம் தழைக்கும். கிழங்கோடு எடுக்க வேண்டும். எடுத்த களையைக் கைப்பிடியில் தட்டி மண்ணை உதிர்த்தார். வேர் மேலே வெயிலைப் பார்க்கும்படிக் கவிழ்த்து வைத்தார். அடுத்தது சாரணை, அதற்கடுத்தது அருகு. ஒவ்வொன்றையும் தட்டினார், ஒவ்வொன்றையும் கவிழ்த்தார்.

அம்மா வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவுங்க கொல்ல வேல செஞ்ச ஆளுடா" என்றார்.

அவர்கள் ஊரில் இதற்கு ஹோமி என்று பெயர். கொல்லன் அடித்த இரும்பில் முக்கோண அலகு, கழுத்து வளைந்திருக்கும், சின்ன மரப்பிடி. சில வருடம் முன்பு அது அமேசானில் ஏறி, அமெரிக்கத் தோட்டக்காரர்கள் விரும்பி வாங்கும் சாமான் ஆகிவிட்டது. பாட்டிக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரிந்த மாதிரி இல்லை. நம் களைக்கொத்தின் அலகு அகலம், கழுத்து நேர் என்று மட்டும் கையால் காட்டினார். செடியை மட்டும் அவருக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. "தாங்கொங்" என்றார். தாங் என்றால் நிலம், கொங் என்றால் பயறு. நிலக்கடலை! எங்கோ தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் இரண்டு நாட்டுக்கும் போய், இரண்டிலும் ஒரே மாதிரிப் பெயர் வாங்கியிருக்கிறது. நாங்கள் சொல்லும் மல்லாட்டை, மணிலாக்கொட்டை தேய்ந்தது. பிலிப்பைன்ஸ் தலைநகர் எங்கள் கொல்லையில் பயிர்ப்பெயராகி நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். பாட்டி கடித்த மிளகாயும் இரு நாட்டுக்கும் வந்தேறிதான்.

கூலியா, ஒருவருக்கொருவர் வேலை மாற்றிக்கொள்வதா என்று பாட்டி கேட்டார். அவர்கள் ஊரில் பூமாசி என்று ஒரு வழக்கம் இருந்ததாம். இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான், காசுப் பேச்சு கிடையாது. எங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது என்றார் அம்மா, இப்போது எல்லாம் கூலிதான், அதற்கும் ஆள் கிடைப்பதில்லை. அங்கே மட்டும் கிடைக்கிறதா? பாட்டியின் ஊரில் வயலில் இறங்குகிறவர்களில் வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்தவர்களே அதிகமாம். ஊர்ப் பள்ளியைப் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்டார்களாம். என் அக்கா மகள் இதை மொழிபெயர்த்தபோது வரிசையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்?

சும்மா நிற்பது கூச்சமாக இருந்தது. நானும் ஒரு களைக்கொத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பேண்ட் இறுக்கியது, முட்டி வலித்தது, இரண்டு மல்லாட்டைச் செடியை வேரோடு சாய்த்தேன். அம்மா சத்தம் போடவில்லை. "நீ எழுந்திரு. அந்தப் புளியமரத்தாண்ட விருந்தாளிங்களோட போய் உக்காரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன்.

*

மரத்தடியில் பூஜாங் ஒரு கதை சொன்னார். அவர் கிம்ஹே கிம் குலம். கொரியாவிலேயே பெரிய குலம் அது. முதல் அரசன் சுரோவுக்கு வாய்த்த ராணி ஹோ ஹ்வாங்ஓக், கடல் கடந்து 'ஆயுதா' என்ற நாட்டிலிருந்து கி.பி. 48இல் படகில் வந்தவள் என்று 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த சாம்குக் யூசா சொல்கிறது. அது அயோத்தி என்று பலரும், தமிழகம் என்று சிலரும் சொல்கிறார்கள். சான்று என்று கையில் எதுவும் இல்லை, கதைதான். ராணியின் பிள்ளைகளில் சிலர் தாயின் குடிப்பெயரான ஹோவை எடுத்துக்கொண்டார்கள். அதனால் கிம்ஹே கிம்முக்கும் கிம்ஹே ஹோவுக்கும் கல்யாண உறவு வழக்கமில்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அம்மாவிடம் இதை எப்படி விளக்குவது என்று நான் தடுமாறியபோது, "பங்காளி வகையறான்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

கத்தரிக்காய் முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு, வறுத்த கருவாடு, கீரை, சர்க்கரைப் பொங்கல். பேச்சு மும்முரத்தில் பொங்கல் அடிபிடித்துவிட்டது. அம்மா நல்லதாக மேலே எடுத்து வைத்துவிட்டுப் பானையை மறைத்தார். வாசனை பிடித்துப் பாட்டி அடுப்படிக்கே போய்விட்டார். பானையைக் காட்டி "நுருங்ஜி!" என்றார். அகப்பையால் அடிக்காந்தலைச் சுரண்டிச் சுரண்டி, விரலைச் சுட்டுக்கொண்டு தின்றார். அவர்கள் இரும்பண்டாவில் சோறு பொங்கினால் அடியில் ஒரு தட்டு பொன்னிறமாகப் பிடிக்குமாம். பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்களாம். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடித்தால்தான் சாப்பாடு முடிந்ததாக அர்த்தம். அதற்கு சுங்ன்யுங் என்று பெயர். அம்மா எழுந்துபோய்ப் பழைய சோற்றுப் பானையிலிருந்து நீராகாரத்தை ஒரு டம்ளர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பாட்டி குடித்துவிட்டு, இது புளிக்கிறது, அது புகை மணக்கும் என்று திருத்தினார். அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவினதும் பாட்டி வைக்கோல் போரிலிருந்து ஒரு கைப்பிடி உருவினார். உள்ளங்கையில் எச்சில் தொட்டு, இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துப் புரி திரித்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து வீட்டு ஆயா, "தப்பு. இது எடப்புரி" என்றார். இடம்புரிதான். தெரிந்தே திரித்தது. குழந்தை பிறந்த வீட்டு வாசலில் அவர்கள் இடம்புரியாகத் திரித்த வைக்கோல் கயிறு கட்டுவார்கள். ஆண் என்றால் கரித்துண்டோடு சிவப்பு மிளகாய் செருகுவார்கள், பெண் என்றால் கரித்துண்டோடு பைன் கொத்து. இருபத்தொரு நாள் வெளியாள் உள்ளே நுழையக்கூடாது. "நாம வேப்பில சொருவுறோம்" என்றார் ஆயா, சமாதானமாகி.

*

ஒரு மணிக்கு மலைக்குக் கிளம்பினோம். அக்கா மகளும் ஏறிக்கொண்டாள். தியாகதுருகம் தாண்டிக் கள்ளக்குறிச்சி ஊருக்குள் நுழைந்தபோது, இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறேனே என்றார் பூஜாங். மரச்சிற்பம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் அவர் கேட்டது 2024 ஜூன் மாதச் செய்தி. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சொன்னேன். செத்தவர்களில் கூலிக்குப் போகிறவர்களே அதிகம் என்றும் சொன்னேன். வண்டிக்குள் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. அதற்கப்புறம் ஊசி வளைவுகள். காது அடைத்துத் திறந்தது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சேலம், கள்ளக்குறிச்சி இரண்டு மாவட்டத்திலும் கால் நீட்டிக் கிடக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வெள்ளைக்காரன் பங்களா கட்டிய மலை இல்லை. அதனால் சுற்றுலாப் பளபளப்பும் இல்லை. அருவி பார்க்க நிறுத்தினோம். தைக் கடைசியில் தண்ணீர் கயிறு மாதிரிதான் விழுந்தது. ஐப்பசியில் வந்திருக்க வேண்டும் என்று நான் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னேன். பூஜாங்கின் மனைவி படம் எடுத்துக்கொண்டார். பேத்தி குரங்குக்கு பிஸ்கட் பறிகொடுத்தாள். அருவி முடிந்தது.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் டீக்கு நின்றோம். கடைக்காரம்மாள் முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தார். பாட்டி டீயை வைத்துவிட்டுப் போய் முறத்தின் எதிரே குந்திவிட்டார். தினையை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, "ஜோ" என்றார். அரிசி பற்றாத காலத்தில் இதைக் கலந்துதான் உலை வைப்பார்களாம். போன வருட நெல் தீர்ந்து, பார்லி அறுப்புக்கு வராத சித்திரை, வைகாசிக்கு அவர்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. பொரித்கோகே, பார்லிக் கணவாய். கணவாயை ஏறிக் கடப்பது மாதிரி அந்த இரண்டு மாதத்தைக் கடக்க வேண்டும். சிலர் கடக்கவில்லை என்றார். தங்கை ஒருத்தி என்று தொடங்கி, முறத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்திக்கொண்டார். அக்கா மகளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மலையில் இருப்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடிகள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடக்கூடாது, மலையை ஆளும் ஆட்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நாடு 1947இல் சுதந்திரம் அடைந்த பிறகும் இங்கே மூன்று ஜாகீர்தார்கள் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜாகீர் ஒழிந்தது 1976இல்தான். இதைச் சொன்னதும் பூஜாங் ஆச்சரியப்பட்டார். தென்கொரியாவில் 1949இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1950இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு மூன்று ஹெக்டேருக்கு மேல் இல்லை. அவர் தாத்தா குத்தகைக்கு உழுத வயல் அப்போதுதான் சொந்தமானதாம். 1970இல் புதிய கிராம இயக்கம் வந்தது. ஊருக்கு 335 மூட்டை சிமென்ட் கொடுத்து, என்ன செய்வதென்று நீங்களே முடிவெடுங்கள் என்றது அரசு. பாட்டியின் ஊர் பாலம் கட்டிக்கொண்டது. கூரை வீடுகள் ஓட்டுக்கு மாறின. பிறகு பாட்டி ஒரு வாக்கியம் சேர்த்தார். அக்கா மகள் அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு சொன்னாள்: "அந்தப் பாலம் வழியாத்தான் புள்ளைங்க எல்லாம் ஊரை வுட்டுப் போச்சாம்."

பூஜாங் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

இறங்கும்போது இருட்டத் தொடங்கியது. அக்கா மகள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ரகசியமாகப் பேசிக்கொண்டே வந்தாள். உளுந்தூர்பேட்டை அருகே தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை போடுகிறது, இருபதாயிரம் பேருக்கு வேலை என்று 2023இல் ஒப்பந்தம் ஆனது. அங்கே போகலாமா, இல்லை கொரியாவுக்கே படிக்கப் போகலாமா என்று அந்தம்மாவிடம் யோசனை கேட்டிருக்கிறாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "போ, ஆனா கண்டிப்பா சமைக்கக் கத்துக்கிட்டுப் போன்னாங்க மாமா."

அவளை இறக்கிவிடக் களமருதூரில் வண்டி நின்றபோது அம்மா வாசலிலேயே இருந்தார். பச்சை மல்லாட்டை காய்க்கவில்லை, பழசு இருக்கிறது என்று ஒரு மூட்டையைத் திணித்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, மொழிபெயர்க்க ஆள் இருந்தும், கேட்காமல் கொஞ்ச நேரம் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள்.

*

பாட்டி மாசியில் ஊர் திரும்பிவிட்டார். ஆடி மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் பூஜாங்கிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். பூஜாங் அதைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்தார். மேலே கொரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். 'இந்தியத் தங்கைக்கு' என்று பதில் வந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, லீவு சொல்லிவிட்டு, தனியாகப் பஸ்ஸில் போனேன். ஆடிப்பட்டத்து மல்லாட்டை முதல் களை நடந்துகொண்டிருந்தது. அம்மா வரப்பில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு ஹோமி. ஒன்றை எடுத்து எடை பார்த்தார். திருப்பினார். கட்டைவிரலால் அலகின் ஓரத்தைத் தடவினார். குந்தி ஒரு கோரையைக் கிழங்கோடு எடுத்து, பிடியில் தட்டிக் கவிழ்த்து வைத்தார்.

"பிடி குட்ட. ஆனா மூக்கு நல்லா போவுது" என்றார். பிறகு இன்னொன்றைப் பார்த்தார், என் பேண்டைப் பார்த்தார்.

"ரெண்டு அனுப்பிக்கீறாங்க. ஒண்ணு உனக்குத்தான் போலக்கீது. உள்ள போய் லுங்கி மாத்தினு வா."